செருமல்

அஸர் தொழுதுவிட்டு வந்து, நடுக்கூடத்து நாற்காலியில் சாய்ந்து, நாளை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கான குறிப்பேட்டைத் திறந்த மொகுதூம் ஆலிமுக்கு மேல்வீட்டிலிருந்து தன்னுடைய குரலே கேட்டது. மரத்தளத்தைத் தாண்டி இறங்கி வந்ததால் சொல் ஒன்றும் பிடிபடவில்லை. பானைக்குள் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி ஏற்றமும் இறக்கமும் மட்டும் வந்தன. ஆனாலும் தன் குரல் தனக்குத் தெரியாதா. இரண்டு வாக்கியம் தணிந்து போய், மூன்றாவதில் மேலே ஏறி, அங்கேயே சற்று நின்று கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இறங்குகிற குரல். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊர் வெள்ளிக்கிழமைதோறும் கேட்டுவருகிற குரல். மாப்பிள்ளை உவைஸ் போனில் அவருடைய பழைய பயானை, பள்ளிவாசல் உரையை, கேட்கிறார். இந்த வாரத்தில் இது இரண்டாவது தடவை. ஆலிம் உள்ளுக்குள் கொஞ்சம் பூரித்துத்தான் போனார். பூரிப்பது நஃப்ஸ் என்கிற மன இச்சையின் வேலை, அதன் வாலை மிதியுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர்தான், ஆனாலும் பூரித்தார். இந்தக் கடற்கரை ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். மேல்வீட்டில் நல்ல அறை அவருக்கு, சீலாமீனின் நடுத்துண்டு அவருக்கு, வீட்டார் தொண்டையைத் தாழ்த்திப் பேசுவது அவருக்காக. அப்படி வந்து வாழ்கிற மாப்பிள்ளைகள் போனில் என்னென்ன கண்றாவியையோ பார்த்துக்கொண்டு கிடக்க, ஹாங்காங்கில் ரத்தினக்கல் வியாபாரம் பார்த்துவிட்டு நான்கு மாதத்துக்கு முன் ஊரோடு வந்து சேர்ந்த உவைஸ் மாமனாரின் பயானைக் கேட்கிறார். இதை ஆலிம் பள்ளிவாசலில் இரண்டு பேரிடம், கேட்காமலே, பேச்சுவாக்கில் சொல்லியும் இருக்கிறார். குறிப்பேட்டில் நாளைக்கு என்று எழுதி வைத்திருந்த தலைப்பு பொறுமை. அதன் கீழே இரண்டு வரி எழுதியிருந்தார், மூன்றாவது வரி நேற்றிலிருந்து வரவில்லை.

அப்போது மேலே, போனுக்குள், கூட்டம் சிரித்தது. ஆலிம் பேனாவை மூடினார். அவர் சிரிக்க வைக்கிற ஆலிம் இல்லை. கண்ணீர் வரவைப்பார், கையைப் பிசைய வைப்பார், சிரிப்பு அவருக்கு வராது, மற்றவர்கள் செய்தாலும் பிடிக்காது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பயானில் சிரிப்பு எழுந்தது இரண்டே தடவை. ஒன்று, குர்பானி ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு மிம்பர் மேடைப் படி வரைக்கும் வந்து நின்ற நாள். அது ஆட்டுக்குக் கிடைத்த சிரிப்பு, அவர் கணக்கில் வராது. இன்னொன்று எது. நினைவுக்கு வந்துவிடும் போலிருந்தது, வரவில்லை, அல்லது வந்ததை அவர் பார்க்கவில்லை; கண் முற்றத்துக் கொடிக்குப் போய்விட்டது. கொடியில் ஒரு லேஞ்சி காய்ந்துகொண்டிருந்தது. உவைஸுடைய கைலேஞ்சி, கெட்டியான வெள்ளைத் துணி, சாதாரணக் கைக்குட்டையைவிடப் பெரியது, சின்னத் துண்டு என்றே சொல்லலாம். டஜன் கணக்கில் அங்கிருந்து கொண்டுவந்திருந்தார். காற்றில் அது தொங்கின விதம் சரியில்லை. துவைத்து உதறிப் போட்ட துணி விரிந்து தொங்கும். இது உடம்பு முழுக்கச் சாய்வாகச் சுருக்கம் விழுந்து, ஒரு முனை குவிந்து, யாரோ இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதைப் போலத் தொங்கியது. செவ்வாய்க்கிழமை அவர் மனைவி பாத்திமுத்து இதே போல ஒரு லேஞ்சியை மடிக்கும்போது, மடிக்காமல் அவர் முன்னால் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கறை போகவில்லை என்கிறாள் போல என்று நினைத்து, போகாவிட்டால் விடு, வெயிலில் இன்னொரு நாள் போடு என்றார். அவள் அதை மடித்து உள்ளே கொண்டுபோனாள். கறை ஒன்றும் இல்லை என்பது இப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. துணி பளிச்சென்று இருந்தது, முறுக்கின தடம் மட்டும் இஸ்திரிக்கும் போகாமல் இருந்தது.

முறுக்கின லேஞ்சி. இரண்டாவது சிரிப்பு அதற்குத்தான். இரண்டு ரமலானுக்கு முன்னால், கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் நான்கைந்து பேர் வந்து, வகுப்பில் எங்களை மடக்குகிறார்கள் ஹஜ்ரத், மனைவியை அடிக்கச் சொல்கிற மார்க்கம் என்கிறார்கள், பதில் சொல்ல வரவில்லை என்று முகம் சிவக்க நின்றார்கள். அந்த வெள்ளிக்கிழமை அவர் பதில் சொன்னார். குர்ஆனில் அதைப் பற்றி வருகிற ஆயத்தை எடுத்துக்கொண்டார். முதலில் நஸீஹத், நல்ல வார்த்தை. அதற்கும் திருந்தாவிட்டால் படுக்கையைப் பிரிப்பது. அதற்கும் இல்லையென்றால்தான் மூன்றாவது. அந்த மூன்றாவதற்குப் பெரியவர்கள் எத்தனை வேலி கட்டியிருக்கிறார்கள் பாருங்கள் என்று விரல் விட்டு எண்ணினார். முகத்தில் படக் கூடாது. தழும்பு விழக் கூடாது. எலும்புக்கு நோவு வரக் கூடாது. சாட்டை கூடாது, கம்பு கூடாது. பல் துலக்குகிற மிஸ்வாக் குச்சி, இல்லையென்றால் முறுக்கின லேஞ்சி. அந்த இடத்தில் நிறுத்தி, தன் தோளில் கிடந்த லேஞ்சியை எடுத்து இரண்டு முறுக்கு முறுக்கி, இதுக்குப் பேர் அடியா என்று கேட்டுத் தன் கையிலேயே லேசாகத் தட்டிக் காட்டினார். அப்போதுதான் பள்ளிவாசல் சிரித்தது. அந்தப் பிள்ளைகளும் சிரித்தார்கள், மடக்கப்பட்டவர்களின் முகம் தெளிந்தது, ஒரு வாரத்துக்குள் அந்தப் பயான் கொழும்பு வரைக்கும் போய்விட்டது. மார்க்கத்துக்கு வந்த பழியைத் துடைத்துவிட்டோம் என்று அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார். பாத்திமுத்து மட்டும், விளக்கை அணைத்த பிறகு, மெல்ல ஒரு வார்த்தை சொன்னாள். பெண்கள் பகுதியில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தவள். "அடிக்கிறவனுக்கு அளவு சொன்னீங்க. அடி வாங்குறவளுக்கு ஒண்ணுமே சொல்லலையே." அவர் அதற்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார், நீளமாகவே சொன்னார், பாதியில் அவள் மூச்சு சீராகிவிட்டதைக் கேட்டு நிறுத்திக்கொண்டார். தூங்கிவிட்டாள் என்றுதான் அன்று நினைத்தார்.

சொல்லாமல் விட்டது அது மட்டும் இல்லை. கிதாபில் அந்த ஆயத்துக்கு விளக்கம் இருக்கிற பக்கத்தில், ஓரத்தில், இருபது வயதில் தானே பென்சிலால் போட்ட கோடு இன்னும் இருக்கிறது. மக்காவில் ஆதிகாலத்தில் இருந்த ஒரு பெரிய அறிஞர், சொல் கேளாதவளாகவே இருந்தாலும் அடிக்கக் கூடாது, கோபப்படலாம், அவ்வளவோடு நிற்கட்டும் என்றார் என்று அங்கே வருகிறது. மதரஸாவில் பாடம் நடத்திய உஸ்தாத் அந்த இடத்துக்கு வந்ததும் கிதாபை மூடிவிட்டு, ரசூலுல்லாஹ் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளையும் கையால் தொட்டு அடித்ததில்லை என்று ஆயிஷா நாயகி சொன்னதைச் சொன்னார். நாயகம் ஒரு முறை அடிக்க அனுமதி கொடுத்ததுமே பெண்கள் திரண்டு நாயகத்தின் வீடுகளைச் சுற்றி வந்து முறையிட்டதையும், அப்படி அடிக்கிறவர்கள் உங்களில் நல்லவர்கள் இல்லை என்று நாயகம் சொன்னதையும் சொன்னார். மொகுதூம் அன்று அழுதார். பிறகு மிம்பரில் ஏறினபோது ஏன் அதைச் சொல்லவில்லை. சொன்னால், காலத்துக்குப் பயந்து ஆயத்தை வளைக்கிறார் என்பார்கள். இப்போது சில பேர், ஆயத்தில் வருகிற அந்தச் சொல்லுக்கு அடி என்றே அர்த்தம் இல்லை, விலகிப் போ என்றுதான் அர்த்தம் என்று கிளம்பியிருக்கிறார்கள், அவர்களோடு சேர்த்துவிடுவார்கள். இதெல்லாம் பயம்தான், கூட்டம் குறைந்துவிடும் என்கிற பயம், அதற்கு அவர் எச்சரிக்கை என்று பேர் வைத்திருந்தார். பெண்கள் மதரஸா நடத்துகிற ஹமீதா ஆலிமா நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள், ஒவ்வொரு வரிக்கும் கிதாபும் பக்கமும் போட்டு. கடைசியில், ஹஜ்ரத், நீங்கள் கட்டின வேலிக்குள் நிற்கிறவனுக்கு வாசலையும் நீங்களே காட்டிவிடுகிறீர்கள் என்று முடித்திருந்தாள். மரியாதைக் குறைவாகப் பட்டது. கடிதம் இதே மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. ஜமீலத்து விஷயம் நடந்து ஒரு மாதத்தில் வந்த கடிதம் அது. ஜமீலத்து என்பவள் ஜமாஅத்துப் பஞ்சாயத்தில் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, என்னால் முடியவில்லை, பிரித்து விடுங்கள் என்றாள். புருஷன் இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஹஜ்ரத் சொன்ன அளவுக்கு மேல் போகவில்லை என்றான். முகத்தில் தழும்பு உண்டா என்று ஆலிம் திரையைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. எலும்பு முறிந்ததா. இல்லை. அப்படியானால் பொறுமையாக இரு, அல்லாஹ் கூலி தருவான் என்று அனுப்பி வைத்தார். அவள் இப்போதும் பயானுக்கு வருகிறாளாம். திரைக்குப் பின்னால் தலையைச் சாய்த்துக்கொண்டு, இடது பக்கத்தை முன்னால் தள்ளி உட்காருகிறாளாம், வலது காது கேட்பதில்லையாம். காது முகத்தில் சேர்ந்ததா இல்லையா. இந்தக் கேள்வி ஒரு நாள் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யும்போது காதைத் தடவின விரலோடு வந்தது, அன்று வேகமாக ஒளுவை முடித்துவிட்டு எழுந்தார்.

மேலே பயான் நின்றது. பாதியில் நிறுத்தியது இல்லை, முடிந்தது. கடைசி துஆவின் ஆமீன் வரைக்கும் ஓடி முடிந்தது. பிறகு சத்தமே இல்லை. ஆலிம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். தளத்துப் பலகையில் ஒரு நடை, அறையின் நடுவிலிருந்து குளியலறைப் பக்கம். உவைஸின் நடை, அவசரமில்லாத நடை. குழாய் திறந்தது. ஒளு செய்கிறார் என்று ஆலிம் தனக்குச் சொல்லிக்கொண்டார். மஃரிப் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது, இருந்தால் என்ன, முன்கூட்டியே ஒளுவோடு இருப்பது நல்ல பழக்கம்தானே. ஆனால் ஒளுவுக்குத் தண்ணீர் விட்டு விட்டு வரும். கைக்கு ஒரு தரம், வாய்க்கு ஒரு தரம், முகத்துக்கு, முழங்கைக்கு, கடைசியில் காலுக்கு. முப்பது வருஷம் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தவர் அவர். இது ஒரே தரம் வந்து நின்றது. அப்புறம் சொட்டுச் சொட்டாக, எதையோ பிழிகிற மாதிரி, பத்துப் பதினைந்து சொட்டு. அவர் எண்ணினார். எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினார். உவைஸ் ஊரோடு வந்த முதல் வாரத்தில் ஒரு நாள் இதே கூடத்தில், நாற்காலி இருக்க நாற்காலியில் உட்காராமல், மரியாதையாகக் கீழே பாயில் உட்கார்ந்து மார்க்கச் சந்தேகம் கேட்டார். கல் பார்க்கிறவர், எதையும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்கிறவர், கேள்வியும் அப்படித்தான் இருந்தது. மிஸ்வாக்குக்கு நீளம் எவ்வளவு மாமா. ஒரு சாண் என்றார் ஆலிம். லேஞ்சிக்கும் அதே அளவுதானா. இருக்கலாம் என்றார். "நனைஞ்ச லேஞ்சியா, காஞ்ச லேஞ்சியா, கிதாபுல இருக்கா மாமா?" ஆலிம் சிரித்துவிட்டார், அதெல்லாம் கிதாபில் இல்லை மாப்பிள்ளை என்றார். தடுத்துச் சொல்லாத வரைக்கும் எதுவும் ஆகும் என்று நீங்கள் பாடம் நடத்தியிருக்கிறீர்கள் அல்லவா என்று உவைஸ் கேட்டார். ஆமாம் என்றார். கெட்டிக்காரப் பிள்ளை, மதரஸாவில் ஓதியிருந்தால் பெரிய ஆலிமாக வந்திருப்பார் என்று அன்று மாலையே பள்ளிவாசலில் சொல்லி மெச்சிக்கொண்டார். பதினொரு மாதத்துக்கு முன் தன் ஒரே மகளை நிக்காஹ் செய்து கொடுத்த மாப்பிள்ளை, நனைந்ததா காய்ந்ததா என்று கேட்கிறாரே, எதற்குக் கேட்கிறார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமல் போனது எப்படி. கேள்வி மார்க்கச் சட்ட மசலாவாக வந்தால் அதற்குள் மனுஷர் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது, பதில் மட்டும்தான் தெரியும்.

போன மாதத்திலிருந்து மேல்வீட்டு வராந்தாவில் ஒரு பாய் சுருட்டி வைத்திருக்கிறது. மகள் ரஹ்மாவின் பாய். அறைக்குள் வெக்கையாக இருக்கிறது வாப்பா, அதனால் இங்கே படுக்கிறேன் என்றாள். அறையில் ஏசி இருக்கிறது, கல்யாணத்துக்கு அவரே நின்று போட்டது. முதலில் நஸீஹத், அவருடைய குரலில். அப்புறம் படுக்கை. குழாய்ச் சத்தம் நின்று இப்போது நடை திரும்பி அறையின் நடுவுக்கு வந்தது. பிறகு ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. ஈரத்துணியைத் துவைகல்லில் ஒரு தரம் மட்டும் போட்ட சத்தம். அதன் பின்னால் வேறெந்தச் சத்தமும் இல்லை, அதுதான் அவரை எழுப்பியது. துணி துவைத்தால் இரண்டாவதும் மூன்றாவதும் உடனே வரும். இது நிதானமாக, நடுவில் ஏதோ பேசி, பதிலுக்குக் காத்திருந்து, அப்புறம் இரண்டாவது வந்தது. ஆலிம் படிக்கட்டை நோக்கி நடந்தார். மாப்பிள்ளை மேலே இருக்கும்போது யாரும் சும்மா ஏறக் கூடாது. மூன்றாம் படியில் நின்று தொண்டையைச் செரும வேண்டும், மேலேயிருந்து யார் என்றோ வாங்க என்றோ குரல் வர வேண்டும், அப்புறம்தான் ஏறலாம். இந்த ஊரில் பிள்ளைகளுக்கு சலாம் சொல்லித் தருவதற்கு அடுத்தபடி சொல்லித் தருவது அதைத்தான். இந்த நான்கு மாதத்தில் மேலே ஏதாவது சத்தம் வித்தியாசமாகப் பட்டபோதெல்லாம் அவர் போகாமல் இல்லை. போனார். மூன்றாம் படியில் செருமினார். சத்தம் நின்றது. ஏறிப் பார்த்தால் உவைஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு புன்னகையோடு நிற்பார், ரஹ்மா தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, டீ போடட்டுமா வாப்பா என்பாள். வீடு அமைதியாக இருக்கிறது என்று இறங்கி வந்துவிடுவார். எத்தனை தடவை. ஒன்பது, பத்து. ஒவ்வொரு தடவையும் முன்னால் ஆள் அனுப்புகிற மாதிரி செருமலை அனுப்பிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

முதல் படியில் கால் வைத்ததும் தொண்டை தானாகவே அரிக்க ஆரம்பித்தது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன் இதே வீட்டுக்கு இவரும் மாப்பிள்ளையாக வந்தவர்தான், இதே அறையில்தான் இருந்தார். ஒரு மத்தியானம், கல்யாணமாகி இரண்டாம் வருஷம், பாத்திமுத்து எதற்கோ எதிர்த்துப் பேசினாள், எதற்கு என்பது மறந்துவிட்டது, தோளில் ஒன்று வைத்தார். முகத்தில் இல்லை, தோளில்தான். அந்தக் கணக்கு அப்போதே கைக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவதற்குக் கை போகும்போது படிக்கட்டில் மாமனார் செருமினார். கை தாழ்ந்தது. பாத்திமுத்து முந்தானையை இழுத்துத் தலையில் போட்டு, நெற்றியில் ஒட்டின முடியை உள்ளே தள்ளி, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். எவ்வளவு வேகமாகச் செய்தாள். மாமனார் ஒன்றும் கேட்கவில்லை, பரணில் இருந்து பாயை எடுக்க வந்தேன் என்றார், பாயை எடுக்காமலே இறங்கிப் போனார். அதற்கப்புறம் ஒருநாளும் கை வைத்ததில்லை, அதனால் அது நடக்கவே இல்லை என்று ஆக்கி வைத்திருந்தார். இரண்டாம் படி. சமையற்கட்டு வாசலில் பாத்திமுத்து நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி இருந்தது, அதிலிருந்து எதுவோ தரையில் சொட்டியது, அவள் கவனிக்கவில்லை. அவள் எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. பாத்திமுத்து அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் படி. உடம்பு தானாக நின்றது. நெஞ்சுக்குள்ளிருந்து செருமல் மேலே வந்தது, பழகின குதிரை பழகின வாசலில் நிற்கிற மாதிரி அந்த இடத்துக்கு வந்தாலே அது வரும். பல்லைக் கடித்து அதை விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செருமாமல் ஏறுகிறவன் திருடன் என்று சின்னதில் சொல்லிக்கொடுத்தார்கள், திருடனைப் போலத்தான் இருந்தது. வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகக் கால் வைத்து ஏறினார், நடுவில் மிதித்தால் பலகை முனகும். மேலே மூன்றாவது சத்தம் கேட்டது. ஐந்து, ஆறு, ஏழு. போய்ப் பார்த்தபின் இனி எதையும் பார்க்காதது போல இருக்க முடியாது, நாளைக்கு மிம்பரில் ஏறி என்ன சொல்வது, கொழும்பு வரைக்கும் போன பேச்சை எப்படித் திருப்பி வாங்குவது என்று நினைத்தார். இந்த நேரத்திலும் இதையா நினைக்கிறேன் என்று அவர் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. வராந்தாவில் சுருட்டின பாய் சுவரோடு சாய்ந்திருந்தது.

கதவு தாழிட்டிருக்கவில்லை. செருமாமல் யாரும் வராத வீட்டில் எதற்குத் தாழ். தள்ளியதும் திறந்துகொண்டது. ரஹ்மா துணி அலமாரியைப் பார்த்தபடி, அதன் கதவில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து நின்றுகொண்டிருந்தாள், அப்படி நிற்கச் சொல்லிப் பழக்கியிருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரிந்தது. உவைஸ் சட்டைக் கையை மடித்துவிட்டு, தலையில் தொப்பியோடு நின்றார். வலது கையில் நனைந்த லேஞ்சி, கயிறு மாதிரி முறுக்கி, முனையில் ஒரு முடிச்சு. பிடி போக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது சரியாக ஒரு சாண். முகத்தில் கோபம் என்று ஒன்றைப் பார்த்திருந்தால் ஆலிமுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது இருக்கிற அதே அடக்கமான முகம். திடுக்கிடவும் இல்லை. லேசாக மனம் நொந்த மாதிரி, "செருமலையே மாமா நீங்க," என்றார். உவைஸ் விளக்கம் சொன்னார், மாணவன் பாடம் ஒப்பிக்கிற மாதிரி. சொல்லாமல் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள், இது மூன்றாவது தரம். "அளவு மீறலை மாமா. முகத்துல படலை, தழும்பு விழாது. மொதல்ல நஸீஹத்து, அப்புறம் படுக்கை, அப்புறந்தான் இது. நீங்க சொன்ன வரிசைதான்." கட்டிலில் தலையணை மேல் போன் சாய்த்து வைத்திருந்தது, அதில் மொகுதூம் ஆலிம் தோள் லேஞ்சியைக் கையில் பிடித்தபடி உறைந்து நின்றார்.

பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. உவைஸ் லேஞ்சியின் முடிச்சை அவிழ்த்து, உதறி, ஜன்னல் கம்பியில் விரித்துப் போட்டார். சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டார். தினமும் இருவரும் சேர்ந்துதான் மஃரிபுக்குப் போவது. வாங்க மாமா, நேரமாச்சு என்றார். ஆலிம் வாசலை விட்டு நகர்ந்து வழி விட்டார். "நீங்க போங்க. எனக்காகத் தொழுகையை நிறுத்தி வைக்க வேணாம்னு பள்ளியில சொல்லுங்க. இது ரஹ்மாவோட வீடு. அவ கூப்புடுற வரைக்கும் நீங்க இங்க ஏற வேணாம்." சொன்ன குரல் அவருக்கே தெரியாத குரலாக இருந்தது, ஏற்றம் இறக்கம் இல்லாமல். உவைஸ், பெரியவர் மேல் பட்டுவிடாதபடி தோளை ஒடுக்கிக்கொண்டு தாண்டிப் போய், படியில் நின்று திரும்பினார். இதுக்குக் கிதாபுல என்ன ஆதாரம் என்று நாளைக்கு ஜும்ஆவுக்கப்புறம் எல்லார் முன்னாலயும் கேக்குறேன் மாமா, சொல்லுங்க என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவரைப் போலச் சொன்னார். ஒவ்வொரு படியாக நடை இறங்கியது. கீழே பாத்திமுத்து வழிவிட்டாளா, விடாமல் நின்றாளா, தெரியவில்லை, கொஞ்ச நேரம் நடை நின்றுபோய், அப்புறம் தெருக்கதவு திறந்து மூடியது.

ரஹ்மா இன்னும் அலமாரியில் இருந்து கையை எடுக்கவில்லை. அவர் கிட்டே போனார். தொடலாமா, எங்கே தொட்டால் நோகாது என்று தெரியாமல் கையைப் பின்னால் வைத்துக்கொண்டார். ஏன் புள்ள வாப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை என்று கேட்டார். அவள் திரும்பினாள். அழுத முகம் இல்லை. ஆச்சரியப்பட்ட முகம்.

"நீங்க தெரிஞ்சுதான் செருமுறீங்கன்னு நெனச்சேன், வாப்பா."

இல்லை என்று சொல்ல வேண்டும். உடனே சொல்ல வேண்டும், அவள் முகத்தில் அந்த ஆச்சரியம் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். மாமனார் பாயை எடுக்காமல் இறங்கிப் போன முதுகு கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆலிம் வாயைத் திறந்தார். படியில் விழுங்கி வைத்திருந்த செருமல்தான் முதலில் வந்தது. அதைக் கேட்டதும் ரஹ்மா சட்டென்று தலைத்துணியை இழுத்து, நெற்றியில் ஒட்டின முடியை உள்ளே தள்ளி, முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.